ரத்னவேல் வீட்டுக்குக் கொண்டுவராத துப்பாக்கி

ரத்னவேல் முப்பது வருஷம் இடுப்பில் துப்பாக்கி கட்டியவர். அதை ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஒரு தடவைகூட ஆளை நோக்கிச் சுட்டதில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவரைக் கெட்டவர் என்று யாராவது சொல்லக்கூடும். சொல்ல விடமாட்டேன்.

அவருக்குத் துணைப் போலீஸ் வேலை. துறைமுக வாசலில் நின்று லாரிகளையும் ஆட்களையும் சோதித்து உள்ளே விடும் வேலை. முதலில் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் வாசலில் நின்றார். அதே துறைமுகத்தில்தான் அவருடைய அப்பா இராமசாமி மூட்டை தூக்கினார். அப்பா தோளில் அரிசிமூட்டை சுமந்த இடத்தில் மகன் துப்பாக்கியோடு நின்றதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை. பிறகு துறைமுகமே மேற்குக் கோடியிலுள்ள துவாஸுக்குப் போனது, ரத்னவேலும் கூடவே போனார். குவீன்ஸ்டவுன் மூவறை வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

போனதும் நேராக வாசலுக்குப் போக முடியாது. ஆயுத அறையின் கம்பி ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே ரஃபீக் என்ற பழைய கூட்டாளி இருப்பார். பெயர், எண், கையெழுத்து. துப்பாக்கி கைக்கு வரும். அதைத் திறந்து, ஐந்து குழியும் காலியா என்று தானும் பார்த்து ரஃபீக்குக்கும் காட்ட வேண்டும். அப்புறம் மணல் நிரப்பிய பீப்பாய்க்கு நேரே முனையை வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஐந்து தோட்டாவைப் போட வேண்டும். சாயங்காலம் அதே பீப்பாய், அதே ஐந்து, அதே எண்ணிக்கை. துப்பாக்கி ரஃபீக்கிடம் தூங்கப் போகும், ரத்னவேல் வெறும் இடுப்போடு வீட்டுக்குப் போவார்.

"கல்யாணம் பண்ணாதவனுக்கு இதான் லா சம்சாரம்" என்று ரஃபீக் சீண்டுவார். "என்ன, வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போக முடியாது."

"வேணாம்பா. உன்கிட்டயே இருக்கட்டும். குறட்டை விடுது."

இப்படிச் சிரித்துக்கொண்டாலும் எண்ணிக்கையில் விளையாட்டு கிடையாது. ஒரு தடவை பாலகிருஷ்ணன் என்ற புதுப்பையனுடைய கணக்கில் ஒரு தோட்டா குறைந்தது. ஒன்றே ஒன்று. அவ்வளவுதான், கேட்டை மூடிவிட்டார்கள். நாற்பது பேரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு. சாக்கடைக் கம்பியைத் தூக்கிப் பார்த்தார்கள், கழிப்பறைத் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தார்கள், சட்டைப் பையைப் புரட்டிப் போட்டார்கள். கடைசியில் அந்தப் பையனுடைய இடைவார்ப் பையின் தையல் பிரிந்து, தோலுக்கும் துணிக்கும் நடுவில் போய் ஒளிந்திருந்தது. அதற்குள் ஆறு மணி நேரம் ஓடிவிட்டது.

அன்றைக்குத்தான் ரத்னவேலின் தங்கை ரஞ்சிதத்துக்கு நிச்சயதார்த்தம்.

அவளைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவளுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள், ஒன்பது வயதில் அப்பா. அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு. தலைவாரிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். முதல் பின்னல் மாட்டுவால் மாதிரி இருந்தது என்று அவள் அழுதாள். பக்கத்து வீட்டு ஆமினா பீவியிடம் போய் நின்று, அவர் தன் மகளுக்குப் பின்னுவதைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி பின்னினார். அவளைப் பள்ளிக்கு அனுப்பினார், பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். தனக்கென்று பெண் பார்க்கக் கேட்டபோதெல்லாம், "அவ கல்யாணம் முடியட்டும்" என்றார். அவள் கல்யாணம் முடிந்தபோது கேட்க ஆள் இல்லை.

மாப்பிள்ளை பிரேம், கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்த இன்ஜினியர். நல்ல பையன். வாய் கொஞ்சம் நீளம், கை தாராளம். நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்ற வேண்டிய அண்ணனைக் காணோம் என்று எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, தூரத்து உறவில் ஒரு பெரியப்பாவை உட்கார வைத்துத் தட்டு மாற்றினார்கள். சீருடையோடு ரத்னவேல் ஓடிவந்து சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தோட்டாவுக்காக என் நிச்சயதார்த்தத்தையே விட்டியே அண்ணே!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. அண்ணன் எதற்குத் தாமதமாக வந்தாலும், "என்ன, தோட்டாவைக் காணோமா?" என்பார்கள். ரத்னவேலும் சிரிப்பார். அவருக்கு அதில் ஒரு பெருமை. இந்த ஊரில் ஒரு தோட்டா காணாமல்போனால் நாற்பது மனுஷன் நிற்க வேண்டும். அது சரிதான் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரேமுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. டெக்சாஸ் பக்கம் ஒரு ஊர். ரஞ்சிதமும் கைக்குழந்தை ரக்ஷனாவும் கூடப் போனார்கள். அங்கே போய் ஜெய் பிறந்தான். அவனுக்கு மூன்று வயதில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? ரத்னவேல் விடுப்பு எடுத்துக்கொண்டு, செராங்கூன் ரோட்டில் கடுக்கனும் பட்டுவேட்டியும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

அங்கே கோயில் மண்டபத்தில் ஜெய் அவர் மடியில் உட்கார்ந்தான். ஊசியைப் பார்த்ததும் மாமன் சட்டைப் பொத்தானைப் பிய்த்துவிட்டான். ஒரு காது குத்தியதும் அழுதபடியே மாமனின் புதுவேட்டியில் வாந்தி எடுத்தான். "இன்னொரு காது வேணாம் மாமா, ஒண்ணே போதும்" என்று பேரம் பேசினான். கூட்டமே சிரித்தது. இரண்டாவது காதும் குத்தி முடிந்ததும் மாமன் தோளில் முகம் புதைத்துத் தூங்கிப்போனான்.

மறுநாள் மத்தியானம் பிரேம் மச்சானைத் தன் படுக்கையறைக்குக் கூப்பிட்டார்.

"மச்சான், நீங்க துப்பாக்கி ஆளாச்சே. இதைப் பாத்துச் சொல்லுங்க."

கட்டிலுக்குப் பக்கத்து டிராயரை இழுத்தார். கண்ணாடிக்கூடு, தைல பாட்டில், சீப்பு. அவற்றோடு ஒரு கறுப்புத் துப்பாக்கி.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததாம், அதிலிருந்து வாங்கி வைத்திருக்கிறாராம். ரத்னவேல் அதைக் கையில் எடுத்தார். எடுத்ததும் கை தானாக வேலை செய்தது. முனையைச் சுவரின் வெறும் மூலைக்குத் திருப்பி, தோட்டாக்கூட்டை உருவி, உள்ளே இருந்த தோட்டாவையும் வெளியே எடுத்துப் படுக்கைமேல் வரிசையாக வைத்தார். பதினைந்து.

பிரேம் சிரித்துவிட்டார். "என்ன மச்சான், பதினஞ்சு இருக்கு. எத்தனை நிச்சயதார்த்தம் போகும்?"

"இது பூட்டுல இல்லியா மாப்பிள்ளை?"

"பெட்டி வாங்கணும். வாங்கிடலாம். பூட்டி வச்சா அவசரத்துக்கு என்ன செய்யறது? திருடன்கிட்ட, கொஞ்சம் உக்காருங்க, சாவி தேடறேன்னு சொல்லவா?"

"பிள்ளைங்க..."

"அவங்களுக்கு இந்த ரூமுக்கே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. ரஞ்சிகிட்ட மட்டும் பெட்டில இருக்குன்னு சொல்லியிருக்கேன், நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, பயந்துக்குவா. சரி, எனக்கு இதைத் திருப்பிப் போட்டாலே கை நோவுது. நீங்களே போட்டுக் குடுங்க."

ரத்னவேலுக்குச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. துப்பாக்கியைத் தினமும் தொடுகிற ஆளுக்குத்தான் அதன்மேல் நியாயமான பயம் இருக்கும். ஆனால் எதிரே நிற்பது மாப்பிள்ளை. தங்கையைக் கட்டியவர். அவருடைய வீடு, அவருடைய பிள்ளையின் விசேஷம், முந்தின நாள்தான் ஊரைக் கூட்டி மச்சானுக்கு மாலை போட்டிருக்கிறார். அவரைப் பார்த்து, "நீங்க செய்யறது தப்பு" என்று பெண்வீட்டு ஆள் எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடலாம். அந்தப் பேச்சோடு அந்த வீட்டில் குடித்தனம் நடத்துகிறவள் ரஞ்சிதம். நம் வீடுகளில் எத்தனை அண்ணன் தம்பிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு வாயை மூடியிருக்கிறார்கள்!

அவர் உட்கார்ந்தார். ஒவ்வொரு தோட்டாவாக எடுத்துக் கூட்டுக்குள் அழுத்தினார். பழக்கதோஷம், உதடு எண்ணியது. பதினைந்தையும் போட்டு, கூட்டைச் செருகிக் கொடுத்தார்.

"எப்படி மச்சான், சாமான்?"

"நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

இவ்வளவுதான் நடந்தது. அடுத்த அறையில் ரஞ்சிதம் பிள்ளைக்குக் காதில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை பள்ளி அரைநாள். ஜெய்க்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. இருவரும் கண்ணாமூச்சி விளையாடினார்கள். ரக்ஷனா கூடத்தில் சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஒளிய இடம் தேடிப் போன பிள்ளை அப்பாவின் அறைக்குள் போனான். அவள் இருபதுவரை எண்ணி முடிக்கவில்லை.

அதற்குமேல் நான் சொல்லமாட்டேன். சொல்லித்தான் புரிய வேண்டும் என்றில்லை.

அங்கேயே தகனம் செய்தார்கள். வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சொல்லிவிட்டது. அந்த ஊரில் அப்படியாம், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமில்லையாம், அது தற்செயலாம். ரஞ்சிதம் மட்டும் பிடிவாதமாகச் சொன்னாள், "என் பிள்ளை சாம்பல் அந்த மண்ணுல இருக்க வேணாம்." மூன்று பேருமாகச் சிங்கப்பூருக்கு வந்தார்கள்.

குவீன்ஸ்டவுன் வீட்டுக்குள் நுழைந்ததும் ரக்ஷனா ஒரு காரியம் செய்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. சமையலறை டிராயரைத் திறந்தாள். அடுத்ததைத் திறந்தாள். தொலைக்காட்சி மேசை, துணி அலமாரி, சாமி மேடைக்குக் கீழே ஊதுபத்தி வைக்கிற சின்னப் பெட்டி. எல்லாவற்றையும் திறந்து, உள்ளே கைவிட்டுப் பார்த்தாள்.

"மாமா, யுவர் கன் எங்க? இங்கயா வச்சிருக்கீங்க?"

"இல்லம்மா. அது துவாஸ்ல இருக்கு. அங்க ஒரு ரூம், அதுக்கு ரெண்டு கதவு. ரஃபீக் மாமா பூட்டி வச்சிருக்காரு."

"ஷூர்?"

"சத்தியமா. எனக்கே சாவி குடுக்க மாட்டாங்க."

"உங்களுக்கே குடுக்க மாட்டாங்களா?" அவள் முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "பட் யூ ஆர் போலீஸ்."

"போலீஸா இருந்தா என்ன? நானும் மனுஷன்தானே."

அவள் யோசித்தாள். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாள். அன்று முதல் ரத்னவேல் வீட்டில் எந்த டிராயரையும் மூடவில்லை. நடக்கும்போது முழங்கால் இடிக்கும், பரவாயில்லை என்று விட்டார்.

சாம்பல் கரைக்கும் நாளன்று காலை அவர் லிட்டில் இந்தியாவுக்குப் போனார். பஃபலோ ரோட்டுப் பூக்கடையில் கோவிந்தசாமி மல்லிகைச் சரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. மாலையா? சாமிக்கா, ஆளுக்கா?"

"ஆளுக்கு."

"ஆள் உயரம் சொல்லுங்க. அஞ்சரை அடின்னா மூணு முழம் வேணும்."

ரத்னவேல் இரண்டு கையையும் தூக்கி, சாம்பல் கலசத்தின் கழுத்தளவைக் காட்டினார். ஒரு சாண்கூட இல்லை. கோவிந்தசாமி அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். கட்டி வைத்திருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, புதுப்பூ எடுத்துச் சின்னதாக ஒன்று கட்டிக் கொடுத்தார்.

சாங்கி பக்கம் படகில் போய்க் கடலில் விட்டார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக் கொஞ்சம் சாம்பல் மாமன் சட்டையில் ஒட்டியது. அவர் தட்டிவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் பிரேமின் கைப்பேசிக்கு அமெரிக்கப் போலீசிடமிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடிந்தது, உங்கள் துப்பாக்கியை நேரில் வந்து வாங்கிக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் கூட இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், உடைத்து அழித்துவிடுகிறோம். இவ்வளவுதான் சேதி. அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தார். எதிரே ரத்னவேல். ரக்ஷனா கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதம் சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"போய் வாங்கணும்" என்றார் பிரேம் மெதுவாக.

ரத்னவேல் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தார். "எதை?"

"அதைத்தான். இந்தத் தடவை பூட்டி வச்சுக்குவேன் மச்சான். இரும்புப் பெட்டி, நம்பர் பூட்டு. நான் முன்னாடியே பண்ணியிருக்கணும்." அவர் கண் சிவந்திருந்தது. தூங்கிப் பல நாளாகியிருந்தது. "இனிமே எனக்கு ரக்ஷனா மட்டும்தானே இருக்கா. அவளுக்கு ஒண்ணுன்னா? அந்த ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு. நம்ம வீட்ல மட்டும் இல்லன்னா எப்படி?"

மனுஷன் நியாயம் பேசவில்லை, பயம் பேசியது. அது ரத்னவேலுக்குப் புரிந்தது. துப்பாக்கியை அழிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டால், அதை வாங்கியதே தப்பு என்று ஒத்துக்கொண்டதாகும். பிள்ளையைப் பறிகொடுத்த அப்பனுக்கு அந்தக் கையெழுத்து எவ்வளவு கனம்!

"மாப்பிள்ளை, அது வேண்டாம்."

"இது எங்க வீட்டு விஷயம் மச்சான்."

"இருக்கட்டும். நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க எல்லாம் அமெரிக்கா போன வருஷம் நான் இந்த வீட்ல தனியா இருந்தேன். ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து, இதே நாற்காலியில உக்காந்தேன். இனிமே யாருக்காகச் சமைக்கணும்னு ஒரு நினைப்பு. அப்புறம் அதைவிட மோசமான நினைப்பு. துப்பாக்கி இந்த மேசைமேல இருந்திருந்தா நான் இன்னைக்கு உங்க முன்னாடி உக்காந்திருக்க மாட்டேன். அது துவாஸ்ல பூட்டியிருந்தது. விடிஞ்சப்போ எனக்குப் பசிச்சுது. எழுந்து தோசை ஊத்தினேன். அவ்வளவுதான். நல்லவனுக்கும் அப்படி ஒரு நேரம் வரும் மாப்பிள்ளை. இந்த ஊர் என்னை நம்பி அதைக் குடுத்தனுப்பல. நம்பாததுனாலதான் நான் இருக்கேன்."

பிரேம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"பூட்டி வைப்பேங்கறீங்க. பூட்டறதும் நீங்கதான், மறக்கறதும் நீங்கதான். எங்க வேலையில நான் மறந்தா ரஃபீக் இருக்கான், ரஃபீக் மறந்தா சார்ஜன்ட் இருக்காரு. வீட்ல யாரு இருக்கா? ரக்ஷனா இங்க வந்ததும் என்ன செஞ்சான்னு பாத்தீங்களா? ஒவ்வொரு டிராயரா திறந்தா. அந்த வீட்டுக்கு அது திரும்பி வந்தா அவ எப்படித் தூங்குவா?"

பிரேம் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மச்சான், இதோட விட்டுடுங்க. பேச ஆரம்பிச்சா பழசெல்லாம் வெளிய வரும். உங்களுக்கும் நல்லதில்ல. நான் அவகிட்ட இதுவரைக்கும் சொல்லல."

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம், கருணை என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் கலந்துதான் இருந்தது. அது என்ன பழசு என்று ரத்னவேலுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டால் தங்கை அவருக்கு மிஞ்சுவாள். துப்பாக்கி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும். திறந்தால் துப்பாக்கி போகாமல் தடுக்கலாம், தங்கை போய்விடுவாள். ஒன்பது வயதிலிருந்து வளர்த்த தங்கை.

திறந்து கிடந்த டிராயர்களைப் பார்த்தார். கரண்டி, தீப்பெட்டி, ரப்பர் வளையம்.

"ரஞ்சி" என்று கூப்பிட்டார். "இங்க கொஞ்சம் வா."

அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"காதுகுத்துக்கு வந்தப்போ நான் அந்தத் துப்பாக்கியைப் பாத்தேன். பெட்டியில இல்ல. கட்டில் டிராயர்ல இருந்தது, தோட்டாவோட. மாப்பிள்ளைதான் காட்டினாரு. நான் எல்லாத்தையும் வெளிய எடுத்தேன். திருப்பிப் போட்டுக் குடுங்கன்னாரு. நான்தான் போட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னேன்."

ரஞ்சிதம் அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீயா போட்டே?"

"ஆமா."

"எத்தனை?"

"பதினஞ்சு."

கையிலிருந்த தண்ணீர் தரையில் சொட்டியது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு தோட்டாவைக் காணோம்னு என் நிச்சயதார்த்தத்துக்கு வரலியே அண்ணே" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அதுக்கு வராம இருந்தியே. என் வீட்ல பதினஞ்சு. எண்ணிப் போட்டியா?"

"எண்ணித்தான் போட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் வாழ்க்கைக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எந்த வாழ்க்கைக்குப் பயந்தாரோ, அது இதோ எதிரே ஈரக்கையோடு நிற்கிறது.

அவள் திரும்பினாள். பிரேமின் முன்னாலிருந்த கைப்பேசியை எடுத்து, கடிதத்தைக் கீழ்வரை தள்ளிப் பார்த்து, அழிக்கச் சொல்லும் தாளைத் திறந்து அவர்முன் வைத்தாள்.

"போடுங்க."

"ரஞ்சி, நான் சொல்றதை..."

"போடுங்க. இல்லன்னா நானும் ரக்ஷனாவும் வரமாட்டோம்."

பிரேம் திரையில் விரலால் எழுதினார். முதல் கையெழுத்து கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டார். போட்டதும் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டு, பிள்ளையின் பெயரைச் சொல்லி அழுதார். சத்தம் கேட்டு ரக்ஷனா வந்து வாசலில் நின்றாள். "இட்ஸ் நாட் கமிங் பேக்?" என்று கேட்டாள். இல்லை என்று அம்மா தலையாட்டினாள்.

ரத்னவேல் எழுந்து தங்கையின் பக்கம் ஒரு அடி வைத்தார். அவள் ஒரு அடி பின்னால் போனாள். அத்தோடு நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்த வீட்டில் இருந்தார்கள். அண்ணனுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பைக்கூட ஒரு நாள் வைத்தாள். ஆனால் அவரோடு பேசவில்லை. "மாமாவைச் சாப்பிடச் சொல்லு" என்று மகளிடம் சொல்வாள். அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார்.

விமான நிலையத்தில் பிரேம்தான் கடைசியாகப் பக்கத்தில் வந்தார். பத்து வயது கூடிய மாதிரி இருந்தார்.

"மச்சான், அன்னைக்கு நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்."

"தெரியும் மாப்பிள்ளை. நீங்க கேக்காம இருந்திருக்கலாம். நான் சொல்லாம இருந்திருக்கக் கூடாது."

ரக்ஷனா மாமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரஞ்சிதம் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள். அவளுடைய பின்னல் தெரிந்தது. திரும்பிப் பார்ப்பாள் என்று அவர் கூட்டம் கலையும்வரை நின்றார். அவள் பார்க்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனார். ரஃபீக் சீண்டவில்லை, துப்பாக்கியைத் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ரத்னவேல் பீப்பாய்க்கு முன்னால் நின்று எண்ணினார். நாலாவதில் குரல் நின்றது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அஞ்சு என்பதை ரஃபீக் உள்ளேயிருந்து சொன்னார்.

நான் மறுபடி மறுபடி ஒன்றைத்தான் சொல்வேன், கேட்கிறவர்களுக்குச் சலித்தாலும் சரி. துப்பாக்கிக்குத் தனி வீடு வேண்டும், அதற்கு இரண்டு கதவு வேண்டும், சாவி வேறொருவரிடம் இருக்க வேண்டும். மனுஷர் கோபப்படுகிற, அழுகிற, மறக்கிற, பிள்ளை ஒளிந்து விளையாடுகிற வீட்டில் அதற்கு இடம் கிடையாது. இதில் மாப்பிள்ளை மரியாதையும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. சொல்ல வேண்டியவர் சொல்லிவிட வேண்டும்.

தை பிறக்கும் முன்னால் ரத்னவேல் வழக்கம்போல் தங்கைக்குப் பொங்கல் சீர் வாங்கினார். செராங்கூன் ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கி, அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று எடுத்தார். ரக்ஷனாவுக்குப் பாவாடை எடுத்தார். சின்னப் பையன் உடுப்பு தொங்கிய பக்கம் தெரியாமல் கால் போய்விட்டது. கடைப்பெண் வித்யா, "எத்தனை வயசுக்கு அங்கிள்?" என்றாள். "இல்லம்மா, சும்மா பாத்தேன்" என்று வெளியே வந்தார். தபாலில் அனுப்பிவைத்தார்.

பொங்கலன்று கைப்பேசியை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. அதற்கு மறுநாள் ரக்ஷனாவிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை.

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து டிராயர், முழுக்க வெளியே இழுத்துவிட்டிருந்தது. உள்ளே கண்ணாடிக்கூடு, தைல பாட்டில், சீப்பு. வேறு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை கைவிட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்திருப்பாள்.

ரத்னவேல் படத்தைப் பெரிதாக்கினார். ஓரத்தில் கட்டில் கொஞ்சம் தெரிந்தது. கட்டில்மேல் அவர் அனுப்பிய பொட்டலம் இருந்தது. அவர் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. தூக்கியும் போடவில்லை, பிரிக்கவும் இல்லை.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது திறந்து கிடந்த சமையலறை டிராயரில் முழங்கால் இடித்தது. அதை மூடாமலே போனார்.